சாரல் ஊரில் ஓப்பன் ஜீப்: பழைய வண்டி வாங்கும் முறை

ஜூன் பிறந்து கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் தென்காசிக்கு வந்து சேர்ந்துவிடும். ஐந்தருவிச் சாலையில் மேல்துணியை மடித்துவிட்டு நனைந்தபடியே போகும் ஜீப்பைப் பார்த்தவர்களுக்கு, வீட்டு வாசலில் நிற்கும் மூடிய கார் அன்றைக்கே அலுத்துப்போகும். குத்துக்கல்வலசை, இலஞ்சி, மேலகரம் வட்டாரத்தில் பழைய ஓப்பன் வண்டி தேடுகிறவர்களின் மனதில் ஓடுவது இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். கையில் இருப்பதோ மூன்று லட்சம், மிஞ்சிப்போனால் ஐந்தாறு லட்சம்.

அந்தப் பணத்தில் நல்ல ஓப்பன் வண்டி கிடைக்கும். ஆனால் பார்க்கும் வரிசை சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சாவியைத் திருகி, ஆக்ஸிலேட்டரை மிதித்து, சத்தத்தில் மயங்கி, அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் ஆர்.சி. புக்கைக் கேட்கிறார்கள். இந்த அத்தியாயம் அதைத் தலைகீழாகத் திருப்புகிறது: முதலில் காகிதம், அடுத்து சேஸிஸ், பிறகு தண்ணீர், கடைசியில் இன்ஜின். காரணம் எளிது. களைத்துப்போன இன்ஜினைத் தென்காசி மெக்கானிக் ஒருவரே பிரித்துச் சரிசெய்துவிடுவார். உளுத்த சேஸிஸையும் தவறான ஆர்.சி.யையும் யாராலும் சரிசெய்ய முடியாது.

எந்த வண்டி கைக்கு எட்டும்?

உலகில் குறைந்த செலவில் ஓப்பன் ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்பவர்கள் முதலில் தேடுவது மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் வந்த அந்தச் சின்ன வண்டி பத்து லட்சத்துக்கும் மேல் தயாராகியிருக்கிறது. இந்தியாவில் அது விற்பனைக்கு வந்ததே இல்லை. வெளிநாட்டிலிருந்து பழையதைக் கொண்டுவரலாம் என்றால், மூன்று வயதைத் தாண்டாத, வலப்பக்க ஸ்டியரிங் வைத்த வண்டிக்குத்தான் அனுமதி. அதற்கும் வண்டியின் மதிப்பையே மிஞ்சும் வரி. அந்தக் கனவை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

பழைய பிஎம்டபிள்யூ இசட்4, மெர்சிடிஸ் எஸ்எல்கே விளம்பரங்கள் கண்ணில் படும். கூரையை மடிக்கும் மோட்டாரோ ஹைட்ராலிக் பம்போ ஒரு முறை படுத்தால் வரும் பில், வாங்கியவரையும் சேர்த்துப் படுக்கவைக்கும். ரிப்பேருக்குப் பெரிய நகரம் போக வேண்டும். ஊர்ச் சாலைகளின் வேகத்தடைகளில் அடி தட்டுவது தனிக்கதை.

உள்நாட்டில் பிறந்த உண்மையான இரண்டு இருக்கை ஓப்பன் கார் ஒன்று உண்டு: 1990களின் இறுதியில் வந்த சான் ஸ்டார்ம். ஃபைபர் உடல், ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் இன்ஜின். விற்றது கொஞ்சம், மிஞ்சியிருப்பது அதிலும் கொஞ்சம். விளக்கு, கண்ணாடி, டிரிம் போன்ற சிறு பாகத்துக்கும் மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். இரண்டாவது வண்டியாக, பொழுதுபோக்குக்கு வாங்குபவருக்கு மட்டும் அது பொருந்தும்.

ஆக, குறைந்த பணத்தில் நடைமுறைக்கு ஒத்துவருபவை மூன்று வகை.

மாருதி ஜிப்சி: 1985 டிசம்பரில் 970 சிசி இன்ஜினோடு வந்தது. 1996-இல் 1298 சிசி இன்ஜின் வைத்த ஜிப்சி கிங் வந்தது. 2000-இல் எம்பிஎஃப்ஐ சேர்ந்து 80 குதிரைசக்தி ஆனது. 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. தேடுபவர் முதலில் தேட வேண்டியது 2000-க்குப் பிந்தைய எம்பிஎஃப்ஐ வண்டியைத்தான். எடை ஒரு டன்னுக்கும் குறைவு என்பதால் ஓட்டும்போது ஸ்போர்ட்ஸ் கார் உற்சாகத்துக்கு மிக அருகில் வருவதும் இதுதான். இன்ஜின், பழைய எஸ்டீமில் இருந்த அதே குடும்பம்; அதனால் பழகிய மெக்கானிக் கிடைப்பார். முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் பட்டை. முதுகு அதைச் சொல்லிக்கொண்டே வரும்.

மகிந்திரா தார்: 2010 அக்டோபரில் வந்த முதல் தாரில் இரண்டு முகம். டிஐ வகை 63 குதிரைசக்தி. சிஆர்டிஇ வகை 105. வேகமும் முன்பக்கத் தனிச் சஸ்பென்ஷனும் வேண்டும் என்றால் சிஆர்டிஇ. தோட்டத்துக்கும் வயலுக்கும் போகிற முரட்டு வேலைக்கு டிஐ. 2020 அக்டோபரில் வந்த புதிய தார் வேறு உலகம். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஆனால் குறைந்த பட்ஜெட்டுக்குள் அது இன்னும் இறங்கி வரவில்லை. யாராவது மலிவாகத் தந்தால் ஒன்றைக் கேட்க வேண்டும்: 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை தயாரான 1,577 டீசல் தார்களை கேம்ஷாஃப்ட் குறைக்காக மகிந்திரா திரும்ப அழைத்தது. அந்த வேலை முடிந்ததா என்பதை சேஸிஸ் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் விசாரித்துக்கொள்ளலாம்.

பழைய மகிந்திரா ஜீப்கள்: எம்எம்540, மேஜர் போன்றவை. விலை குறைவு, கட்டுமானம் எளிது, ஸ்டியரிங் கல். கேரள மலைத் தோட்டங்களில் உழைத்துத் தேய்ந்தவை எல்லை தாண்டி நிறைய வரும். மணிக்கு 60 கிலோமீட்டரில் திருப்தி அடைகிறவருக்கு இவை போதும்.

கூரையை வெட்டிய கார் வேண்டாம்

மாருதி 800, எஸ்டீம், ஸென் போன்ற கார்களின் கூரையை அறுத்து ‘கன்வெர்ட்டிபிள்’ என்று விற்பவர்கள் உண்டு. விலையைக் கேட்டால் ஆசை வரும். தொடவே கூடாது.

ஜிப்சிக்கும் ஜீப்புக்கும் கீழே ஏணி வடிவச் சேஸிஸ் தனியாக இருக்கிறது. பளுவை அது தாங்குகிறது. மேல் கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. மாருதி 800-இல் தனிச் சேஸிஸ் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் எலும்புக்கூடு. கூரையை வெட்டினால் நடு உடல் தொய்யும், கதவு மூடாது, பக்கவாட்டில் ஒரு மோதல் வந்தால் தடுக்க எதுவும் மிச்சமிருக்காது. சென்னையில் 1960களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் திறந்த காராக மாற்றியவர்கள் தப்பித்தது அதற்குத் தனிச் சேஸிஸ் இருந்ததால்தான்.

சட்டமும் இதே பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மாற்றிய வண்டியின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும் நாளில்தான் பலருக்கும் இது உறைக்கிறது.

பணத்தை மூன்றாகப் பிரிக்க

கையில் 5 லட்சம் இருந்தால் 5 லட்சத்துக்கு வண்டி பார்ப்பது முதல் தவறு. 3.5 லட்சம் வண்டிக்கு, 1 லட்சம் வாங்கியதும் செய்யும் வேலைக்கு, 50 ஆயிரம் காகிதத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் என்று ஒதுக்குவது நல்லது. பழைய ஓப்பன் வண்டிக்கு வாங்கிய மாதமே டயர், பேட்டரி, மேல்துணி, பிரேக் என்று வரிசையாகச் செலவு நிற்கும்.

வயதும் செலவுதான். 15 ஆண்டு முடிந்த காருக்கு ஆர்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025-இல் அது 10,000 ஆனது. பசுமை வரி தனி. 2004 ஜிப்சி மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 1: காகிதம்

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே, வீட்டில் உட்கார்ந்து இதை முடித்துவிடலாம்.

1. பதிவெண்ணை வாங்கி எம்பரிவாகன் செயலியில் பார்க்கவும். தயாரிப்பு ஆண்டு, எத்தனையாவது உரிமையாளர், ஆர்.சி. எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, கடன் பதிவு இருக்கிறதா என்பவை தெரியும்.
2. கடன் இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.
3. இ-செலான் தளத்தில் கட்டாத அபராதம் இருக்கிறதா பார்க்கவும்.
4. ஆர்.சி.யில் உடல் வகை, இருக்கை எண்ணிக்கை, நிறம், எரிபொருள் ஆகியவை எதிரே நிற்கும் வண்டியோடு பொருந்த வேண்டும். சாஃப்ட் டாப் என்று பதிவாகி, மேலே இரும்புக் கூரை பற்றவைத்திருந்தால் அது பின்னால் தலைவலி.
5. சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியிலேயே படிக்கவும். சேஸிஸ் எண் மீது வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். எழுத்துகள் கோணலாகவோ, சுற்றிலும் வெல்டிங் தடத்தோடோ இருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுவது நல்லது.

TN-76 தென்காசிப் பதிவு என்றால் வேலை சுலபம். எல்லைக்கு அந்தப்பக்கம் புனலூர், கொல்லம் பகுதியிலிருந்து வரும் KL வண்டிகள் ஆசைகாட்டும் விலையில் இருக்கும். அவற்றுக்குப் பழைய ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து படிவம் 28-இல் என்ஓசி வேண்டும். இங்கே தமிழ்நாட்டுச் சாலை வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. வரி எவ்வளவு வரும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு, அதை விலையோடு கூட்டிப் பார்த்த பிறகுதான் KL வண்டி மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

“ராணுவ ஏலத்தில் எடுத்தது” என்ற பேச்சு ஜிப்சி விற்பனையில் அடிக்கடி காதில் விழும். உண்மையில் அப்படி எடுத்திருந்தால் ஏல ஆவணங்களும், ஏலத்தில் வாங்கியதற்கான படிவம் 32 வழியாக நடந்த பதிவும் இருக்கும். வெறும் வாய்வார்த்தை என்றால் விட்டுவிடலாம். ‘பழைய கவர்ன்மென்ட் ஜீப்’ என்றால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது.

காகிதம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் கேரளம் முழுக்கச் சோதனை நடத்தி, பூடானிலிருந்து கடத்திவந்து போலி ஆவணத்தில் பதிவு செய்ததாகச் சந்தேகிக்கப்பட்ட வண்டிகளைப் பிடித்தது. பணம் கொடுத்து வாங்கிக் கையில் வைத்திருந்தவர்களின் வாசலிலிருந்துதான் வண்டிகள் போயின.

படி 2: சேஸிஸ்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். டார்ச், சின்னச் சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், காந்தம், அளவு டேப், பழைய லுங்கி அல்லது பாய்: இவ்வளவு போதும். வெயிலில் பார்க்க வேண்டும். மாலையில் காட்டும் வண்டியில் பாதி குறை இருட்டோடு போய்விடும்.

எச்சரிக்கை: ஜாக்கி மட்டும் வைத்துத் தூக்கிய வண்டிக்குக் கீழே யாரும் நுழையக் கூடாது. வாட்டர் சர்வீஸ் கடையின் ரேம்ப்பில் ஏற்றிப் பார்ப்பதே பாதுகாப்பு. செலவு சொற்பம், ஜீப்பின் முழு வயிறும் தெரியும்.

1. இரண்டு நீளத் தண்டுகளையும் முன்னிருந்து பின்வரை சுத்தியலால் மெல்லத் தட்டவும். நல்ல இரும்பு கணீர் என்னும், உளுத்தது சொத்தென்னும்.
2. லீஃப் பட்டை மாட்டும் இடங்கள், குறுக்குத் தண்டு சேரும் மூலைகள், பாடி உட்காரும் ரப்பர் புஷ்கள் ஆகிய இடங்களில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பார்க்கவும். மேலே பூத்த துரு பயமில்லை. நுனி உள்ளே போனால் பேச்சு முடிந்தது.
3. தரை மேட்டைத் தூக்கவும். ஜிப்சியில் ஓட்டுநர் கால் வைக்கும் இடமும், பின்தொட்டியின் மூலைகளும், முன் கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதியும் முதலில் துருப்பிடிக்கும்.
4. காந்தத்தைப் பக்கவாட்டில் ஓட்டவும். பிடிக்காத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். (சான் ஸ்டார்மில் காந்தம் எங்குமே பிடிக்காது. அங்கே அது குறையில்லை.)
5. சக்கரத்தை நேராக்கி, முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை இருபக்கமும் டேப்பால் அளக்கவும். ஜிப்சிக்கு 2375 மி.மீ., முதல் தாருக்கு 2430 மி.மீ. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒரு பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்தால் வண்டி எங்கோ பலமாக வாங்கியிருக்கிறது.

குறிப்பு: அடிப்பகுதி முழுக்கப் பளபளவென்று புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் மகிழ வேண்டாம். விற்கப்போகிற வண்டியின் வயிற்றுக்கு யாரும் சும்மா பெயிண்ட் அடிப்பதில்லை.

தூத்துக்குடி, நாகர்கோவில் கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டி என்றால் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்தாலும் தப்பில்லை. உப்புக்காற்று சந்துபொந்தில் இருந்துகொண்டே தின்னும்.

படி 3: தண்ணீர்

மற்ற ஊர் வழிகாட்டிகளில் இது இரண்டு வரியில் முடியும். தென்காசியில் முடியாது. சீசனில் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும் ஊரில், நனைந்த இருக்கையும் காயாத தரையும்தான் வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான நாட்களில் பார்ப்பதாக இருந்தால் அதிர்ஷ்டம். மேல்துணியை மாட்டி, சாரலில் அரைமணி நேரம் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம். மற்ற மாதங்களில் வாட்டர் சர்வீஸில் மேலிருந்து தண்ணீர் அடிக்கச் சொல்லலாம். துணியின் மேல் அழுத்தமாக அடிக்காமல் மழைபோல் தூவச் சொல்ல வேண்டும். நல்ல சாஃப்ட் டாப்பும் கொஞ்சம் கசியும். எங்கே கசிகிறது என்பதுதான் முக்கியம். கதவோரம் சொட்டினால் ரப்பர் மாற்றினால் போதும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கினால் ஃப்யூஸ் பெட்டியும் வயரிங்கும் ஏற்கெனவே பாசி பிடித்திருக்கக்கூடும். விளக்கு, வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

மேல்துணியில் பார்க்க வேண்டியவை: தையல் ஓரம் பிரிந்திருக்கிறதா, ஜிப் முழுக்க ஓடுகிறதா, பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகி மங்கியிருக்கிறதா, மடிப்பில் வெடித்திருக்கிறதா. துணி போனால் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம். அதைத் தாங்கும் கம்பிச் சட்டம் காணாமல் போயிருந்தால் தேடுவது கடினம். அதனால் விற்பவரிடம் சட்டத்தின் எல்லாத் துண்டுகளையும் எடுத்துவரச் சொல்லி, முழுதாக மாட்டி, கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். “வீட்டுல இருக்கு, அப்புறம் தாரேன்” என்பது பேச்சுக்குத்தான்.

வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு ரகம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி, நெல்லையில் மூழ்கிய வண்டிகளின் எண்ணிக்கைக்கு அளவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியதும் நினைவிருக்கும். அந்த வண்டிகள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்திருக்கலாம். கண்டுபிடிக்கும் வழி: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடிப்பகுதியில் மண்கோடு இருக்கும், இருக்கைத் தண்டவாளப் போல்ட்டுகள் துருவேறியிருக்கும், டேஷ்போர்டின் அடியில் விரலை விட்டால் வண்டல் ஒட்டும், ஹெட்லைட் உள்ளே நீர்ப்படலம் தெரியும். இரண்டு அறிகுறி சேர்ந்து தெரிந்தால் விலை பேசவே வேண்டாம்.

படி 4: இன்ஜின்

போவதற்கு முன் விற்பவரிடம் “நாங்க வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் ட்ரபிளை மறைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் காலையில் திரும்ப வரலாம்.

குளிர்ந்த இன்ஜின் இரண்டு மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். புகையின் நிறம் பேசும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு டீசல் புகை ஏர் ஃபில்டரையோ இன்ஜெக்டரையோ காட்டும். சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், இனிப்பு வாடை அடித்தால் கூலண்ட் உள்ளே இறங்குகிறது. ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றியதும் புஸ்புஸ்ஸென்று புகை தள்ளினால் அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். இன்ஜின் வேலைக்குப் பணம் ஒதுக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை மட்டும் குளிர்ந்திருக்கும்போதே திறந்து பார்க்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

நான்கு சக்கர ஓட்டத்தைப் பார்ப்பதில் ஒரு பொதுத் தவறு உண்டு. ஜிப்சியிலும் தாரிலும் அது தேவைப்படும்போது மட்டும் போடுவது. தார்ச்சாலையில் போட்டு வளைத்தால் கியர்களும் ஷாஃப்டும் முறுக்கிக்கொள்ளும். மண்தரையில், நேராக, மெதுவாகப் பார்க்கவும். ஜிப்சியின் முன்சக்கர ஹப்பைக் கையால் திருகிப் பூட்டிய பிறகுதான் முன்சக்கரம் இழுக்கும். அது துருப்பிடித்துத் திரும்பாமல் இருப்பது சர்வசாதாரணம்.

படி 5: ஓட்டிப் பார்க்க ஒரு பாதை

தெருமுனைவரை போய்த் திரும்புவது சோதனை ஆகாது. குத்துக்கல்வலசையிலிருந்து தென்காசி ஊருக்குள் மெதுவாக, அங்கிருந்து செங்கோட்டை வழியாகப் பண்பொழி, பிறகு திருமலைக்கோவில் மலைச்சாலை என்று போனால் ஒரே ஓட்டத்தில் எல்லாம் தெரியும். சீசன் சனி, ஞாயிறைத் தவிர்த்து வேலைநாள் காலையில் போவது நல்லது. புளியரை எஸ் வளைவு பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும் கேரளத்துக்குப் போகும் லாரிகளுக்கு நடுவே தெரியாத பிரேக்கைச் சோதிக்கும் இடம் அதுவல்ல. கிளம்பும் முன் இன்சூரன்ஸ் நடப்பில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

ஊருக்குள்: கிளட்ச் நடுங்குகிறதா, இரண்டாம் கியர் உறுமலோடு விழுகிறதா, ஸ்டியரிங்கில் எவ்வளவு பிளே.

திறந்த சாலையில் 50–70 கிலோமீட்டர் வேகத்தில்: ஒரு சின்னப் பள்ளத்தில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் வலிப்பு வந்ததுபோல் உதறினால் ஜிப்சியில் கிங்பின் பேரிங், வீல் பேரிங், டை ராட் ஆகியவற்றில் தேய்மானம். சரிசெய்யலாம், விலையில் கழிக்கலாம். ஆனால் சரிசெய்யாமல் ஒரு நாளும் ஓட்டக் கூடாது.

மலை ஏற்றத்தில்: சூடு முள்ளைக் கவனிக்கவும். ஏறி நின்றதும் இன்ஜினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, கீழே எண்ணெய் சொட்டுகிறதா பார்க்கலாம்.

இறக்கத்தில்: இரண்டாம் கியரில் இறங்க வேண்டும். காலை எடுத்ததும் கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறித்தால் கியர்பாக்ஸ் வேலை. பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம்.

“இன்ஜின் சவுண்டைக் கேளுங்க அண்ணாச்சி” என்று கன்சல்டிங் கடைக்காரர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வருவார். ஆடியோ சிஸ்டத்தை அணைத்துவிட்டு, அவர் சொன்னபடியே கேட்பது நல்லதுதான்.

பாதுகாப்பு: கூரை இல்லாதபோது

கவிழ்ந்தால் தலைக்கு மேல் இருப்பது ரோல் பார் மட்டும். பல வண்டிகளில் அழகுக்காக வைத்த மெல்லிய குழாயைத் தகரத் தரையில் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். கையால் பலமாக ஆட்டிப் பார்த்தால் அசையும். அது கம்பி வேலி. நிறுவனம் பொருத்திய ரோல் பாரும், முன் இருக்கைகளில் வேலை செய்யும் சீட் பெல்ட்டும் இல்லாத வண்டியைக் குடும்பத்துக்கு வாங்கக் கூடாது. பின்பக்கம் எதிரெதிராகப் பார்க்கும் பெஞ்சில் குழந்தைகளை உட்காரவைப்பதும், அருவிச் சாலையில் கம்பியைப் பிடித்து நின்றபடி போவதும் சாதாரணமாக நடக்கிறது. திடீர் பிரேக்கில் வெளியே விழ அது போதும்.

முன்னால் பெரிய இரும்பு பம்பர் மாட்டிய வண்டி கம்பீரமாகத் தெரியும். அத்தகைய கிராஷ் கார்டுகளைச் சட்டவிரோதம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. கழற்றும் செலவையும் கணக்கில் எழுத வேண்டும்.

படி 6: விலையும் பெயர் மாற்றமும்

கண்ட குறைகளையெல்லாம் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக்கிடம் தோராயத் தொகை கேட்டு, கூட்டி, அந்தத் தாளை வைத்தே பேச வேண்டும். வண்டி மோசம் என்று வாயால் சொன்னால் விற்பவருக்குக் கோபம் வரும். கணக்கைக் காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும். சாரல் காலத்தில் பார்த்துவைத்து, சீசன் முடிந்ததும் பேசுவதில் ஒரு லாபம் உண்டு: வரப்போகும் மாதங்களில் ஓப்பன் வண்டியை நிறுத்திவைத்துப் பராமரிக்க விற்பவருக்கே மனமிருக்காது.

1. பணம் வங்கி வழியாக, ஆர்.சி.யில் உள்ள பெயருக்கே போக வேண்டும். இடைத்தரகர் கணக்குக்குப் போகக் கூடாது.
2. படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30 ஆகியவற்றில் விற்பவரின் கையெழுத்தை அன்றே வாங்கவும். வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய ரசீது இருவரிடமும் இருக்கட்டும்.
3. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளில் தகவல் தர வேண்டும். வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும்.
4. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். ஓன் டேமேஜ் கிளெய்ம் சிக்கலாவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் மாத வேலை

இன்ஜின், கியர்பாக்ஸ், முன்பின் டிஃபரன்ஷியல் ஆயில்கள், கூலண்ட், பிரேக் ஆயில், பெல்ட்டுகள் எல்லாவற்றையும் பழைய உரிமையாளர் என்ன சொன்னாலும் மாற்றிவிடுவது நல்லது. டயரில் ஆழம் இருந்தாலும் வயதைப் பார்க்க வேண்டும்: பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டு தயாரிப்பு ஆண்டு. ஆறேழு ஆண்டு தாண்டியிருந்தால் ஈரச்சாலையில் நம்ப முடியாது. தரையின் வடிகால் துளை மூடிகளைக் கழற்றி, அடைப்பை எடுத்து, கீழ்ப்பகுதிக்குத் துருத்தடுப்பு அடிக்க வேண்டும். வெயிலில் இரண்டு நாள் முழுதாகக் காயவைத்த பிறகே அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் துரு உள்ளேயே வளரும். மேல்துணியையும் நனைந்தபடி மடித்துக் கட்டக் கூடாது. சாரலில் நனைந்து வீடு வந்ததும் விரித்தே நிறுத்தி, காய்ந்த பிறகு மடித்தால் பூஞ்சை பிடிக்காமல் அடுத்த சீசனுக்கும் வரும்.